நரம்பியல் துறையை எங்கிருந்து வளர்ப்பது?

எங்கள் அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறைக்கு இன்று இருக்கும் சொத்து இவ்வளவுதான்: ஓர் உதவிப் பேராசிரியர், வாரத்தில் இரண்டு நாள் புறநோயாளிப் பிரிவு, பொது மருத்துவ வார்டின் ஓரத்தில் ஒதுக்கிக் கொடுத்த பன்னிரண்டு கட்டில்கள், மூளையின் மின்னலைகளைப் பதியும், பகலில் மட்டும் ஓடும் ஓர் ஈஈஜி இயந்திரம். வேறு மாவட்டக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால் தங்கள் ஊரைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கக்கூடும்.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். தமிழில் ‘நரம்பு’ என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. காலில் நீலமாகப் புடைத்துச் சுருளும் ரத்தக் குழாயும் நரம்பு, கெண்டைக்காலில் இழுத்துப் பிடிக்கும் தசையும் நரம்பு. ஆகவே சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர், ஒற்றைத் தலைவலிக்காரர், இடுப்பு வலிக்காரர், சுவர் விளம்பரத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று படித்துப் பயந்துபோன கல்லூரி மாணவர் என எல்லோரும் ‘நரம்பு டாக்டரை’ப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வருவதில் தவறில்லை. ஆனால் அந்த நெரிசலில், மாலையானால் இமை சரிகிறது என்று சொல்ல வந்த பெண், தனக்குத் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோய் என்று தெரியாமலே வைட்டமின் மாத்திரையோடு திரும்பிப் போகிறார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டிய மருத்துவருக்கு ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

துறையை வளர்த்தாக வேண்டும் என்பதில் எங்கள் கல்லூரியில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதில் தொடங்குவது என்பதில்தான் பிரிந்து நிற்கிறோம். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன. நரம்பியலையும் நரம்பியல் அறுவை சிகிச்சையையும் ஒரே பிரிவாக்கி ஒரு தளத்தில் அமர்த்துவது முதல் யோசனை. டிஎம் நரம்பியல் என்ற உயர் சிறப்புப் படிப்புக்கு இடம் கேட்டு விண்ணப்பிப்பது இரண்டாவது. வலிப்பு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஆழமாக இறங்குவது மூன்றாவது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் எட்டுக் கட்டில் பக்கவாத வார்டு நான்காவது. நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கப் பணமும் ஆளும் கிடையாது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றுக்குத்தான் முழு பலத்தையும் கொடுக்க முடியும்.

நான் நரம்பியல் மருத்துவன் அல்லன், பொது மருத்துவத் துறையில் ஆசிரியன். நரம்பியல் நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கள் வார்டுகளில்தான் படுத்திருக்கிறார்கள் என்பதால் இதில் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் வாக்கு பக்கவாத வார்டுக்கு. மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு அந்த முடிவுக்கு நான் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த நாட்டிலேயே ஒரு வெற்றிக் கதை இருக்கிறது, அந்தக் கதைகளை ஒழுங்காகப் பார்த்துத்தான் வந்தேன்.

முதல் யோசனையின் கதை கனடாவின் மாண்ட்ரியாலில் தொடங்கி வேலூரில் முடிகிறது. 1934-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் கீழ், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில், வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் ஒரு நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். நோயைக் கண்டறிபவர், மண்டையைத் திறப்பவர், எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பவர், மூளையின் மின்னலைகளைப் பதிபவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஹெர்பர்ட் ஜாஸ்பரின் ஈஈஜி ஆய்வுக்கூடமும், நினைவாற்றல் பற்றிய பிரெண்டா மில்னரின் ஆய்வுகளும் அந்தக் கூரையின் கீழ்தான் வளர்ந்தன. அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் கோட்டயத்துக்காரரான ஜேக்கப் சாண்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்தவர். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். தனியாக அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டு அவர் இருந்துவிடவில்லை. பல்தேவ் சிங் என்ற நரம்பியல் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கத்தி எடுப்பவரும் கத்தி எடுக்காதவரும் ஒரே நோயாளியின் கட்டிலருகே நின்று வாதிடும் வழக்கம் வேலூரில் அப்படித்தான் வேர் பிடித்தது. 1951-ல் இந்த இருவரும், சென்னையின் பி. ராமமூர்த்தியும் எஸ்.டி. நரசிம்மனும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியபோது, அந்தச் சங்கமும் இரு தரப்புக்கும் பொதுவானதாகவே இருந்தது.

இந்த முறையின் பலனை விளக்க ஒரே ஒரு நோய் போதும். காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கிய ஓர் இளம்பெண்ணுக்குத் தலைக்குள் நீர் தேங்கி நினைவு மங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை மட்டும் போதாது, நீரை வடிக்கும் குழாய் வைக்க வேண்டும். இரண்டு துறைகளும் ஒரே தளத்தில் இருந்தால் காலைச் சுற்றிலேயே முடிவு எடுக்கப்பட்டு மாலையில் குழாய் வைக்கப்படும். எங்கள் ஊரிலோ ஒரு சீட்டு கட்டடம் விட்டுக் கட்டடம் போகும். அறுவை மருத்துவர் தியேட்டரில் இருப்பார், சீட்டு மேசையில் இருக்கும். அந்தப் பெண்ணின் பார்வை நரம்பு நமக்காகக் காத்திருக்காது.

அப்படியானால் இதுவே சிறந்த வழி என்று சொல்லிவிடலாம் அல்லவா? இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலூரில் சாண்டி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தார். தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுத்துத் தக்கவைத்துக்கொள்ள அந்த நிறுவனத்தால் முடிந்தது. எங்கள் கல்லூரியில் இருக்கும் ஒரே நரம்பியல் அறுவை மருத்துவர் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் போகக் காத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, மூன்றாண்டுகளாகக் குழந்தைகளை வார இறுதியில் மட்டும் பார்ப்பவர் அவர். இருவரின் நட்பை நம்பிக் கட்டும் கூட்டுத் துறை, ஒருவர் போனதும் பெயர்ப்பலகையாகிவிடும்.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் நடக்கவே நடக்காது என்று கூட்டத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். அதை நான் ஏற்கவில்லை. சீர்காழியில் பிறந்த ராமமூர்த்தி நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலையைத் தொடங்கினார். அதுவும் அரசு மருத்துவமனைதான், அதே அரசாணைகள், அதே நெரிசல். அங்கே தலைக்காயங்கள் அன்றாடம் வந்து குவிந்தன, அவற்றின் நடுவேதான் துறை வளர்ந்தது. வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவரான டி.எஸ். கனகா என்று ஒரு குழு உருவாகி, மூளையின் ஆழத்தில் துல்லியமாகக் குறி வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில் உலகம் திரும்பிப் பார்க்கும் வேலையைச் செய்தது. பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிறுவனமாக அது நின்றது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. நோயாளி எந்த வாசல் வழியாக, எந்த நேரத்தில் வருகிறாரோ, அந்த வாசலில் நின்றவர்கள் துறையைக் கட்டினார்கள். அன்று அந்த வாசலில் வந்தது தலைக்காயம். இன்று எங்கள் வாசலில் அதற்கு இணையாக வருவது பக்கவாதம்.

டிஎம் இடங்கள் பற்றிய யோசனைக்குக் கூட்டத்தில் ஆதரவு அதிகம். காரணம் புரிகிறது. டிஎம் மாணவர் வந்தால் இரவுப் பணிக்கு ஆள் கிடைக்கும். மூன்று ஆண்டுகளில் நம் கல்லூரியிலிருந்தே நரம்பியல் மருத்துவர் வெளியே வருவார். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு என்ற ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்படிப் படிப்பவர் படித்து முடித்தபின் அரசு மருத்துவமனையிலேயே தொடர்வதற்கு வாய்ப்பு அதிகம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். நான்கு யோசனைகளில் எனக்கு மிகவும் தடுமாற்றம் தந்தது இதுதான்.

ஆனால் ஒரே ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? ஆய்வுக் குழு வரும் வாரத்துக்கு வேறு கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களை மாற்றிக்கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கும். குழு போனதும் அவர்களும் போய்விடுவார்கள். இடம் கிடைக்கும், செய்தித்தாளில் படமும் வரும். சேர்ந்த மாணவரோ நரம்புக் கடத்தல் சோதனையை யாரிடம் கற்றுக்கொள்வார்? தசைத் திசுவின் வில்லையை அவருக்கு யார் காட்டுவார்? அவர் மூன்றாண்டுகள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிவிட்டு, நூலைப் படித்துத் தேர்வில் தேறி, தன்னம்பிக்கை இல்லாத நிபுணராக வெளியே போவார். படிப்பைத் தொடங்குவது பல்கலைக்கழகத்துக்கும் நோயாளிக்கும் நாம் கொடுக்கும் வாக்கு. நோயாளியைச் சரியாகப் பார்க்கும் வார்டு முதலில் இருக்க வேண்டும், மாணவர் அந்த வார்டுக்குள் வந்து சேர வேண்டும். தலைகீழாகச் செய்தால் மாணவரின் தோளில் வார்டை ஏற்றிவைத்தது போலாகும்.

மனநல மருத்துவத்தையும் சேர்த்துத் தனி நிறுவனமாகவே ஆக்கலாம் என்று பெங்களூர் நிம்ஹான்ஸை எடுத்துக்காட்டி ஒருவர் பேசினார். 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் மாநில மனநல மருத்துவமனையும் 1974-ல் இணைந்து உருவானது நிம்ஹான்ஸ். மனமும் மூளையும் ஒரே வளாகத்தில் என்பது அருமையான எண்ணம். ஆனால் அது ஒரு நாட்டுக்கான நிறுவனம், மத்திய அரசின் பணத்தில் நடப்பது. மாவட்டத்துக்கு அதைப் பற்றி இப்போது பேசி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நிம்ஹான்ஸிலிருந்து எங்களுக்கு உண்மையிலேயே உதவுவது வேறொன்று. கௌரி தேவியும் அவர் குழுவினரும் பெங்களூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகப் பார்த்து நரம்பியல் நோய்களைக் கணக்கெடுத்தார்கள். ஆயிரம் பேரில் 8.8 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. நகரத்தில் 5.7, கிராமத்தில் 11.9. கிராமத்தில் இரு மடங்கு, மருத்துவர் இருப்பதோ நகரத்தில். இருபது லட்சம் மக்கள் உள்ள ஒரு மாவட்டத்துக்கு அந்தச் சராசரியைப் பொருத்தினால் 17,600 பேர் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். அந்த மருந்துகளில் பல விலை குறைந்தவை, அரசு மருந்தகத்தில் இருப்பவை.

ஆகவே வலிப்பு நோயை மையமாக வைக்கச் சொன்னவர்களின் கோரிக்கை வெறும் ஆசை இல்லை. அவர்கள் காட்டிய முன்மாதிரி திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். 1995-ல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. ஒரே நோயை எடுத்துக்கொண்டு, வீடியோவோடு சேர்ந்த ஈஈஜி, எம்ஆர்ஐ, உளவியல் சோதனை, அறுவை சிகிச்சை என்று படிப்படியாகக் கட்டி, நாடெங்கிலும் இருந்து நோயாளிகள் வரும் இடமாக அது ஆனது. ஒரு நோயை முழுதாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எங்கள் 17,600 பேரில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அறுவை சிகிச்சை இல்லை. மாத்திரை தீராமல் இருப்பதுதான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை மாத்திரை வாங்க வர வேண்டும் என்றால், அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கூலித் தொழிலாளி மாதம் இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும். இழக்க முடியாத மாதத்தில் வலிப்பு வருகிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார், சிலர் வாய்க்குள் கரண்டியை விடுகிறார்கள், பல் உடைகிறது. வலிப்பு இருக்கும் பெண்ணுக்குத் திருமணம் என்றால் வீட்டில் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்கிறார்கள். திருமணத்தைச் செல்லாததாக்கக் காரணமாக வலிப்பு நோயைக் காட்டும் விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கிவிட்டார்கள் என்று நான் சொல்லும்போது, நம்பாமல் என் முகத்தையே பார்த்த தாய்மார்களை நான் மறக்கவில்லை. கர்ப்பகாலத்தில் எந்த மாத்திரை குழந்தைக்கு ஆபத்து என்பதைத் திருமணத்துக்கு முன்பே பேசியாக வேண்டும், அதற்கு ஒளிவுமறைவு இல்லாத ஓர் அறை வேண்டும்.

இவை அனைத்தையும் வாரத்தில் ஒரு நாள் தனி கிளினிக், ஒரு நோயாளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு மாத மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ள ஒரு சுற்றறிக்கை ஆகியவற்றால் அடுத்த மாதமே தொடங்கலாம். மூன்று ஆண்டுப் பணத்தை இதற்கு ஒதுக்கத் தேவையே இல்லை. அதனால்தான் வலிப்பைப் போட்டியிலிருந்து வெளியே எடுக்கிறேன். எது வென்றாலும் இது உடனே நடக்க வேண்டும்.

இப்போது பக்கவாத வார்டு.

போன ஆண்டு ஓர் இரவு. ஐம்பத்து மூன்று வயதுத் தையல்காரர். கடையை மூடும்போது எட்டு இருபதுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. மகன் புத்திசாலி, வேறெங்கும் போகாமல் ஒன்பது நாற்பதுக்கு எங்கள் அவசரப் பிரிவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பத்தேகாலுக்கு சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று. ரத்தக் கசிவு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து எங்கள் மருந்துக் கிடங்கிலேயே இருந்தது. அதைப் போடலாம் என்று சொல்ல ஒருவர் இல்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர் பயந்தார், அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்த வயதில் பயந்திருப்பேன். பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ஊசிக்கான கெடு பன்னிரண்டு ஐம்பதோடு முடிந்துவிட்டிருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார். கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கெடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது ஒரு கணக்கு. மூன்று மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் அந்த அல்டிப்ளேஸ் ஊசியைப் போட்டால் ஊனமின்றி எழுபவர்கள் அதிகம் என்பதை அமெரிக்காவில் நடந்த சோதனை 1995-ல் காட்டியது. 2008-ல் வந்த ஐரோப்பியச் சோதனைக்குப் பிறகு அது நாலரை மணி நேரமாக நீண்டது. 2015-க்குப் பிறகு, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியையே இழுத்து எடுக்கும் சிகிச்சையும் உறுதியாக நிலைபெற்றுவிட்டது. அது எங்கள் ஊருக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும், அவசரப்பட வேண்டாம். ஊசி போடுவதற்குப் புதிதாக எந்த இயந்திரமும் தேவையில்லை. ஸ்கேன் இருக்கிறது, மருந்து இருக்கிறது. இல்லாதது இரவில் முடிவெடுக்கும் ஏற்பாடு.

ஆனாலும் நான் இந்த வார்டைக் கேட்பது ஊசிக்காக மட்டும் என்றால் என் வாதம் பலவீனமாகிவிடும். நேரத்துக்குள் வருபவர்கள் சிலரே. மீதிப் பேருக்கு என்ன செய்கிறோம்? பக்கவாதத்துக்கென்று தனி வார்டில், பயிற்சி பெற்றவர்களிடம் இருந்தால், சாதாரண வார்டில் இருப்பதைவிட உயிர் பிழைப்பவர்களும் சொந்தக் காலில் நிற்பவர்களும் அதிகம். இது வயது பார்ப்பதில்லை, ஊசி போட்டவரா போடாதவரா என்றும் பார்ப்பதில்லை. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து உறுதி செய்த உண்மை இது. காரணம் மாயமில்லை. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் பாசத்தில் மனைவி ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போகிறது, நான்காம் நாள் நிமோனியா. எங்கள் பொது வார்டில் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஒரு சோதனை நடந்தது, 2011-ல் முடிவுகள் வெளியாயின. செவிலியர்களுக்கு மூன்றே மூன்று விஷயங்களில் பயிற்சி: காய்ச்சலைக் கவனி, சர்க்கரையைக் கவனி, விழுங்குவதைச் சோதி. மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து, இந்தப் பயிற்சி இல்லாத பிரிவுகளில் 58 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவுகளில் 42 சதவீதம். நிபுணர் எண்ணிக்கை கூடவில்லை. தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு கரண்டி தண்ணீர், இவற்றை வைத்துச் செவிலியர்கள் செய்தது.

வீட்டார்தான் எல்லாம் செய்துவிடுவார்களே என்று நம் ஊரில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அதையும் இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தினருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். 2017-ல் வெளிவந்த முடிவுப்படி ஆறு மாதம் கழித்து எந்த வேறுபாடும் இல்லை. மகளின் அன்பு பிசியோதெரபிஸ்டின் கையாகிவிடாது. அந்த மகளும் வேலைக்குப் போக வேண்டியவள்.

எனக்குத் தேவையான பட்டியல் இது: அவசரப் பிரிவுக்கும் ஸ்கேன் அறைக்கும் அருகில் எட்டுக் கட்டில்கள். மூன்று ஷிஃப்டுக்கும் விடுப்புக்கும் சேர்த்து ஒன்பது செவிலியர்கள். இரண்டு பிசியோதெரபிஸ்டுகள், ஒரு பேச்சுப் பயிற்சியாளர், இரவு ஸ்கேன் டெக்னீஷியன். பொது மருத்துவ முதுநிலை மாணவர்களின் சுழற்சிப் பணி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒன்பது செவிலியர்களை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது என்று டீனின் உத்தரவு. மாதந்தோறும் வார்டு மாற்றும் வழக்கம் தொடர்ந்தால் மற்ற அனைத்தும் வீண்.

ஒரே நரம்பியல் மருத்துவர் எல்லா இரவும் விழித்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, கேட்கவும் கூடாது. இமாச்சலப் பிரதேசத்தில் 2014 முதல், நரம்பியல் மருத்துவர் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளிலேயே பொது மருத்துவர்கள் இந்த ஊசியைப் போடுகிறார்கள். ஸ்கேன் படம் கைபேசியில் போகிறது, மருத்துவக் கல்லூரியிலுள்ள நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்கிறார், மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஓடும் மாநிலத்தால் முடிந்தது நம்மால் முடியும். எங்கள் துறையில் மூன்று பேர் பயிற்சி எடுக்கத் தயார், நான் உட்பட. பக்கத்து இரண்டு மாவட்டக் கல்லூரிகளின் நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்தால் ஒருவருக்கு வாரம் இரண்டு மூன்று இரவு தொலைபேசி.

இதைவிடக் கடினமான கேள்வியைக் கேட்டவர் எங்கள் அவசரப் பிரிவுப் பொறுப்பாளர். ஊசி போட்டபின் மூளையில் ரத்தம் கசிந்து நோயாளி இறந்தால், இரவு இரண்டு மணிக்கு இருபது உறவினர்கள் முன்னால் நிற்கப்போவது யார்? 1995 சோதனையிலேயே ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேருக்கு அப்படி ஆனது. இந்தப் பயம் நியாயமானது, மருத்துவர்கள் தாக்கப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டுத்தான் அவர் பேசினார். என்னிடம் இருக்கும் பதில் முழுமையானது இல்லை. ஊசிக்கு முன் குடும்பத்தில் இருவரிடம் தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவு தனி ஒருவருடையதாக இல்லாமல், தொலைபேசியில் உள்ள நிபுணரின் பெயரோடு துறையின் முடிவாகப் பதிவாக வேண்டும். மோசமாக முடிந்த இரவில் மூத்த ஆசிரியர் ஒருவர் நேரில் வந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்க எங்கள் துறை தயாராக இல்லையென்றால் வார்டைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பக்கவாத வார்டு மற்ற யோசனைகளை எப்படி உள்ளே இழுத்து வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய பக்கவாதத்தில் மூளை வீங்கினால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்க வேண்டும், ஆக நரம்பியல் அறுவை மருத்துவர் தினமும் அந்த வார்டுக்கு வந்தே தீருவார். வேலூர்ப் பாணியிலான கூட்டுச் சுற்று அங்கே தானாகத் தொடங்கும், யார் மாறுதலாகிப் போனாலும் வார்டு நிற்கும். இரவில் பணி பார்த்த முதுநிலை மாணவர்களில் ஒருவர் இருவராவது நரம்பியலை விரும்பி டிஎம் படிக்கப் போய், பணி ஒதுக்கீட்டில் திரும்பி வருவார்கள். அப்போது ஆசிரியர்கள் மூன்று பேர் ஆவார்கள், டிஎம் விண்ணப்பத்தை இரவல் ஆசிரியர் இல்லாமல் அனுப்பலாம்.

வேறு கல்லூரிகளுக்கு இதே வரிசை பொருந்த வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே மூன்று நான்கு நரம்பியல் ஆசிரியர்கள் நிலையாக இருக்கும் கல்லூரி டிஎம் இடங்களுக்கு உடனே விண்ணப்பிக்கட்டும், தாமதிப்பதுதான் அங்கே தவறு. நெடுஞ்சாலையோரம் இருந்து, தலைக்காயத்துக்கு நல்ல அறுவை சிகிச்சைக் குழு வைத்திருக்கும் கல்லூரிக்குக் கூட்டுப் பிரிவே இயல்பான தொடக்கம். இரவில் சிடி ஸ்கேன் ஓடாத இடத்தில் இந்த விவாதமே வேண்டாம், முதலில் டெக்னீஷியனை நியமிக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அவசரப் பிரிவுப் பதிவேட்டின் மூன்று மாதப் பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறேன். நேற்று உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். நோயாளி வந்த நேரம் இருக்கிறது, ஸ்கேனுக்கு அனுப்பிய நேரம் இருக்கிறது, வேறு மருத்துவமனைக்கு அனுப்பிய நேரமும் இருக்கிறது. கை விழுந்தது எத்தனை மணிக்கு என்று எழுத ஒரு கட்டமே இல்லை. அந்தக் கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்க்கும்படி இன்று காலை பணியில் இருந்த செவிலியரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.